‘ஹீலர் யாரு?’ – ஆர்பிஜி மேசையில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக விளையாடும் ரோல்-பிளேயிங் கேம்) பற்றிப் பேச்செடுத்தால் சில சந்தேகங்கள் சொல்லிவைத்தாற்போல் வரும். பெண்கள் விளையாடுவார்களா, பையன் பெண் கேரக்டர் எடுக்கலாமா, அந்தக் காலத்து ரூல்புக்கில் என்னமோ இருந்ததாமே என்று. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறது இந்தப் பக்கம். உதாரணங்களில் பெரும்பாலானவை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து (இனி டி அண்ட் டி). வயதில் மூத்த விளையாட்டு அது. நல்லதும் கெட்டதும் அதில்தான் முதலில் அச்சேறின.

1. டேபிள்டாப் ஆர்பிஜின்னா என்ன? போர்டு கேமா, நாடகமா?

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். ஒருவர் கேம் மாஸ்டர். டி அண்ட் டியில் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகம், எதிரிகள், வழியில் எதிர்ப்படும் மனிதர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற மூன்று முதல் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு கேரக்டர். “கதவை எட்டி உதைக்கிறேன்” என்று ஒருவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் இருந்தால் 20 முகப் பகடையை உருட்டி, கேரக்டரின் விவரத்தாளான ஷீட்டில் உள்ள எண்ணைக் கூட்டி, டிஎம் வைத்த இலக்கைத் தொட்டால் கதவு உடையும். ஒரு செஷன் மூன்று, நான்கு மணி நேரம் ஓடும். பல செஷன்கள் சேர்ந்தால் கேம்பெயின்.

பலகை கட்டாயமில்லை. விளையாட்டே பேச்சுதான். ஆகவே யார் பேச்சு எடுபடுகிறது, யார் பேச்சு பாதியில் வெட்டுப்படுகிறது என்பது இங்கே நாகரிகப் பிரச்சினையோடு நிற்பதில்லை. பேச முடியாதவருக்கு விளையாட்டே கிடைப்பதில்லை.

2. பொண்ணுங்க நிஜமாவே விளையாடுறாங்களா, இல்ல விளம்பரத்துக்குக் காட்டுறாங்களா?

விளையாடுகிறார்கள். டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2020 வாக்கில் சொன்ன கணக்குப்படி விளையாடுபவர்களில் சுமார் 40 சதவீதம் பெண்கள். 1980-களின் தொடக்கத்தில் பத்துக்கு ஒருத்தர் தேறுவதே கஷ்டம்.

இரண்டு எண்களுக்கும் இடையே பெண்களின் மூளை மாறிவிடவில்லை. மாறியது விளையாட்டுக்குள் வரும் வழி.

3. அப்படின்னா ஆரம்பத்துல ஏன் ஆம்பளைங்க மட்டும் இருந்தாங்க?

டி அண்ட் டி 1974 ஜனவரியில் வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். இருவரும் போர் விளையாட்டுக்காரர்கள்: ஈயப் பொம்மைப் படைகளை மேசையில் அடுக்கி, அளவுகோல் வைத்து நகர்த்திச் சண்டையிடும் கூட்டம். அமெரிக்காவின் மேற்கு நடுப்பகுதியில் இருந்த அந்தக் கிளப்புகளில் பெண்களைக் காண்பது அபூர்வம். முதல் அச்சு 1,000 பெட்டிகள், விலை 10 டாலர். அதை வாங்கியதும் அதே கூட்டம்தான். பெட்டிக்குள் இருந்த முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே ‘மென்’ இருக்கிறது. வாள் பிடிக்கும் வகுப்பின் (கேரக்டரின் தொழில் வகை) பெயர் ‘ஃபைட்டிங்-மேன்’.

இன்னொரு காரணமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. அந்த முதல் புத்தகங்களைப் படித்து விளையாட்டைப் புரிந்துகொள்வது குதிரைக்கொம்பு. ஏற்கெனவே விளையாடுகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருபவர் தன் நண்பனுக்குச் சொல்லித்தருவார், அவன் தன் நண்பனுக்கு. பெண்களைத் தடுக்க யாரும் வாசலில் நிற்கவில்லை. அந்தச் சங்கிலி அவர்கள் பக்கம் போகவே இல்லை.

‘மட்டும்’ என்று சொல்வதும் தவறு. லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் 1975-இல் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற மடலிதழைத் தொடங்கினார். ஆளாளுக்குத் தங்கள் பக்கங்களை எழுதி அனுப்ப, அவர் தொகுத்து எல்லாருக்கும் அனுப்புவார். ரூல் விவாதம், திருத்தம், சண்டை எல்லாம் அதில் நடக்கும். இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த விளையாட்டைப் பற்றி யோசித்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது ஒரு பெண் நடத்திய இடத்தில்தான்.

4. பெண் கேரக்டருக்கு பலம் கம்மின்னு ரூலே இருந்துச்சாமே, உண்மையா?

உண்மை. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டியின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் (விளையாடுபவர்களுக்கான ரூல்புக்) இருந்தது. விவரமாகவே பார்ப்போம், ஏனென்றால் இதைத் தாக்குபவர்களும் தாங்குபவர்களும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

பலத்தின் உச்சம் 18. ஃபைட்டர் வகையினருக்கு 18 விழுந்தால் கூடவே 1 முதல் 100 வரை இன்னொரு உருட்டு: 18/01-இலிருந்து 18/00 வரை (இங்கே 00 என்றால் 100). மனித ஆணுக்கு 18/00 வரை போகலாம்; மனிதப் பெண்ணுக்கு 18/50-உடன் நிறுத்தம். 18/50 இருந்தால் அடிக்கும் உருட்டில் +1, சேதத்தில் +3. 18/00 இருந்தால் +3, +6. மூன்று 6 முகப் பகடையை நேராக உருட்டினால் 18 விழும் வாய்ப்பு 216-இல் ஒன்று. அதற்கு மேல் 50-ஐத் தாண்ட வேண்டும், அது பாதிக்குப் பாதி. ஆக இந்த ரூல் உண்மையில் எதையாவது பறிப்பது 432 மனிதப் பெண் ஃபைட்டர்களில் ஒருத்தியிடம்தான். மற்ற 431 பேருக்கும் அது வெறும் அறிவிப்பு: “உனக்கு ஒரு கூரை இருக்கிறது.”

நிஜமாகக் கடித்தது மற்ற இனங்களில். எல்ஃப் ஆணுக்குப் பலத்தின் உச்சம் 18, பெண்ணுக்கு 16. ஹாஃப்ளிங் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14. இதோடு இன்னொரு ரூலைச் சேர்த்துப் படியுங்கள்: எல்ஃப் ஃபைட்டருக்குப் பலம் 17-க்குக் கீழே இருந்தால் 5-ஆம் லெவலோடு வளர்ச்சி நின்றுவிடும், 17 என்றால் 6, 18 இருந்தால் 7. எல்ஃப் பெண் 16-ஐத் தாண்டவே முடியாது. எனவே என்ன உருட்டினாலும், எத்தனை வருடம் விளையாடினாலும் அவள் 5-ஆம் லெவல். இரண்டு ரூல்களும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் புத்தகத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் இது படாது. கேரக்டர் வளர்ந்து 5-ஐத் தொட்ட அன்றுதான் தெரியும்.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த உச்சவரம்புகளை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த எளிய பேசிக் பெட்டியில் இவை இல்லை. அதில் மாதிரி கேரக்டராக வருபவளே மார்கன் அயர்ன்வுல்ஃப் என்ற பெண் ஃபைட்டர்; மாதிரி ஆட்டத்தில் குழுவின் சார்பாகப் பேசுவதும் அவள்தான். ஒரே கம்பெனி, ஒரே காலம், இரண்டு பெட்டி, இரண்டு மனசு.

5. ஆனா நிஜத்துலயும் ஆம்பளைங்களுக்குத்தானே சராசரியா பலம் அதிகம்? அது ரியலிசம்தானே?

சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. கேரக்டர் ஒரு தனி ஆள், அதுவும் ஊரில் எவரும் போகாத குகைக்குள் போகிற ஆள். மேலும் மேலே பார்த்த கணக்கு சராசரியை மாற்றவே இல்லை. உச்சியை மட்டும் வெட்டியது. ரியலிசம் வேண்டும் என்று எழுதியிருந்தால் 12-ம் 13-ம் வாங்கிய சாதாரணக் கேரக்டர்களில் அல்லவா வித்தியாசம் தெரிய வேண்டும்?

பெண்களுக்கென்று எழுதப்பட்டவை எந்தத் திசையில் போயின என்பதற்கு டி அண்ட் டிக்கான டிராகன் பத்திரிகையின் 1976 அக்டோபர் இதழில் லென் லகோஃப்கா எழுதிய கட்டுரை சாட்சி. பெண் கேரக்டருக்கு ‘கரிஸ்மா’வை எடுத்துவிட்டு ‘அழகு’ என்று ஓர் எண். அதை வைத்து ஆண்களை மயக்கும் வித்தைகள். பெண்களை விளையாட்டுக்குள் கொண்டுவருவதுதான் கட்டுரையின் நோக்கம். கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. கரிஸ்மா என்பது ஆட்களைத் தலைமை தாங்கும் எண். அது போய் அழகு வந்ததும், தலைவி ஆகக்கூடியவள் பார்க்கப்படுகிறவளாகிவிட்டாள்.

6. பிறகு எப்படி மாறுச்சு?

ஒரே நாளில் இல்லை, ஒருவராலும் இல்லை. 1979-இல், அப்போது டி அண்ட் டியை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் முதல் பெண்ணாக ஜீன் வெல்ஸ் சேர்ந்தார். டிராகன் இதழில் ரூல் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பகுதியைத் தொடங்கி எழுதியவர் அவர். அவருடைய ‘பேலஸ் ஆஃப் த சில்வர் பிரின்சஸ்’ சாகசம் (டிஎம் நடத்துவதற்கென்று எழுதிய தயார்க் கதை) 1981-இல் அச்சாகி வந்த கையோடு திரும்பப் பெறப்பட்டது. உள்ளே இருந்த ஓவியங்கள்தான் வம்பு. பிறகு மோல்ட்வே அதைத் திருத்தி எழுத, வேறு அட்டையோடு வந்தது. லாரா ஹிக்மன் கணவரோடு சேர்ந்து எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ 1983. மார்கரெட் வைஸின் டிராகன்லான்ஸ் 1984. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் விளையாட்டின் அஸ்திவாரத்தில் இருக்கும் பெயர்கள்.

ஆட்கள் பெரிய அளவில் வந்தது 1991-இல் ‘வாம்பயர்: த மாஸ்க்கரேட்’ என்ற வேறொரு ஆர்பிஜி வந்த பிறகு. அதில் குகையும் பொக்கிஷமும் இல்லை. நகர அரசியல், பழைய பகை, குற்ற உணர்ச்சி. போர் விளையாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாததால் 3-ஆம் பதிலில் சொன்ன சங்கிலி அங்கே அறுந்தது. நாவல் படிப்பவர்கள், நாடகம் போடுபவர்கள் நேராக உள்ளே வந்தார்கள். அடுத்த பெரிய வாசல் 2015 மார்ச்சில் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ ஒளிபரப்பு. மரிஷா ரே, லாரா பெய்லி, ஆஷ்லி ஜான்சன் என்று மேசையில் பெண்கள் உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடுவதைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடிந்தது. சொல்லித்தர ஒரு நண்பன் தேவைப்படாமல் போன முதல் தலைமுறை இதுதான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று: 2022-இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற டி அண்ட் டி சாகசத் தொகுப்பில், கொல்கத்தாவிலிருந்து வந்த மிமி மண்டல் எழுதிய சாகசம் இருக்கிறது. வங்காளச் சாயல் கொண்ட நிலம்.

7. பொண்ணுங்களுக்குச் சண்டை பிடிக்காது, கதைதான் பிடிக்கும்னு சொல்றாங்களே?

சிலருக்கு அப்படி, சிலருக்கு இல்லை, ஆண்களிலும் அதே. இந்த நம்பிக்கையின் கோளாறு நடைமுறையில் தெரியும். டிஎம் அதை நம்பினால் அந்தப் பெண்ணுக்கு அரண்மனைப் பேச்சுக் காட்சிகளாகவே கொடுப்பார், அவரும் மரியாதைக்குப் பேசிக்கொண்டிருப்பார், “பாத்தியா, அவங்களுக்கு இதுதான் பிடிக்குது” என்று முடிவாகிவிடும். அடுத்த பக்கத்தில் பேசிப் பழக ஆசைப்படும் பையன் கோடரியோடு நின்றுகொண்டிருப்பான்.

கேட்டுத் தெரிந்துகொள்வது சுலபம். முதல் சந்திப்பில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. சண்டை, புதிர், பேச்சு, ஊர்சுற்றல், திட்டம் போடுதல் என்ற ஐந்தையும் பிடித்த வரிசையில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். வாயால் கேட்டால் முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்கள் சுற்றிச்சுற்றிச் சொல்வார்கள்.

8. புதுசா சேர்ந்தேன். எல்லாரும் என்னை ஹீலர் எடுக்கச் சொல்றாங்க. எடுக்கணுமா?

பிடித்தால் எடுங்கள். ஹீலர் என்றால் மற்றவர்களின் காயத்தை ஆற்றுபவர்; வழக்கமாக அது கிளெரிக். கிளெரிக் வலுவான வகுப்பு, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் “பார்ட்டிக்கு ஹீலர் இல்லாட்டி எல்லாரும் செத்துருவோம்” என்பது பழைய பதிப்புகளின் பழக்கதோஷம். ஐந்தாம் பதிப்பில் ஒரு ஹீலிங் போஷன் 50 தங்கக் காசு, குடித்தால் 2டி4+2 (இரண்டு 4 முகப் பகடை, கூடவே 2) உயிர்ப்புள்ளி திரும்ப வரும். பாலடின் என்ற வகுப்பினர் லெவலுக்கு ஐந்து புள்ளி வீதம் தொட்டே குணப்படுத்துவார். பார்ட், டுரூயிட் ஆகிய இரு வகுப்புகளுக்கும் ‘ஹீலிங் வேர்ட்’ மந்திரம் உண்டு. 60 அடி தள்ளி நின்றே, போனஸ் ஆக்‌ஷனில் (ஒரு முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்), கீழே விழுந்தவரை எழுப்பிவிடலாம். ஒரு மணி நேர ஓய்வில் ஹிட் டைஸ் (தேறுவதற்கென்று ஒவ்வொருவருக்கும் இருக்கும் பகடைகள்) செலவழித்து எல்லாரும் தாங்களே தேறலாம். வேலையை நான்கு பேர் பங்குபோட வழி இருக்கும்போது ஒருவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

சொல்ல வேண்டிய பதில்: “நான் பார்பேரியன் எடுக்கிறேன். ஆளுக்கு ரெண்டு போஷன் வாங்கிக்குவோம்.” அதற்கும் முணுமுணுப்பு வந்தால், ஹீலர் அவ்வளவு முக்கியம் என்று சொல்பவரே எடுத்துக்கொள்ளட்டும்.

இந்தப் பழக்கத்தின் வேர் புத்தகத்திலும் உண்டு. 1983-இல் வந்த டி அண்ட் டி சிவப்புப் பெட்டியில் தனியாக விளையாடிப் பழக ஒரு கதை வரும். அலீனா என்ற கிளெரிக் உங்களுக்கு உதவுவாள், உங்கள் காயத்தை ஆற்றுவாள், பார்கல் என்ற மந்திரவாதி கையால் சாவாள். பலருக்கு இந்த விளையாட்டில் அறிமுகமான முதல் பெண்ணே மருந்து போட்டுவிட்டுச் செத்துப்போனவள்தான்.

9. நான் கேட்காமலே என் ஷீட்டைப் பார்த்து ‘இதைப் பண்ணு, அதைப் பண்ணு’ன்னு சொல்றாங்க. உதவிதானே, எப்படி வேண்டாங்கிறது?

உதவிக்கும் ஓட்டுவதற்கும் ஒரு வித்தியாசம்: கேட்ட பிறகு வருவது உதவி. புதியவர் யாராக இருந்தாலும் இது நடக்கும். ஆண் என்றால் மூன்று செஷனில் நின்றுவிடும். பெண் என்றால் இரண்டு வருடம் கழித்தும் ஓடும். அதுதான் கவனிக்க வேண்டியது.

மேசை விதியாக வைப்பது நல்லது, ஆள்மேல் குற்றமாக வைக்காமல். “யார் முறையோ அவர் மட்டும் பேசணும், கேட்டா மட்டும் சொல்லணும்” என்று டிஎம் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லலாம். யோசிக்க 30 விநாடி. உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று: உங்கள் முறையில் செய்யக்கூடிய நான்கைந்து செயல்களை, என்ன பகடை, எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதோடு ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் தேடும் அந்த ஐந்து விநாடி மௌனத்தில்தான் பக்கத்து ஆள் நுழைகிறார்.

சண்டைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். சண்டையில் இனிஷியேட்டிவ் வரிசை இருக்கிறது, எல்லாருக்கும் முறை வரும். பேச்சுக் காட்சியில் வரிசை கிடையாது. குரல் பெரிசானவர் எடுத்துக்கொள்வார். டிஎம் ஒரு தாளில் பெயர்களை எழுதி, யாருக்குக் காட்சி போனதோ அவருக்கு எதிரே ஒரு கோடு போட்டால் போதும். மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். 11, 9, 8, 2 என்று இருந்தால் அந்த 2 யாருடையது என்று சொல்லவே வேண்டாம். அடுத்த செஷனில் காட்சியை அவரிடமிருந்து தொடங்குங்கள்: “மத்தவங்க சந்தைல இருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

10. பையன் பெண் கேரக்டர் எடுக்கலாமா? எங்க டேபிள்ல சிரிப்பாயிடுது.

தாராளமாக. பெண் ஆண் கேரக்டர் எடுப்பதும் அப்படியே. 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் கேரக்டரின் பாலினத்தால் எந்த எண்ணும் மாறாது என்பதோடு, ஆண்-பெண் என்ற இரண்டுக்குள் அடங்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறது. குரலை மெலிதாக்கி நடிக்கத் தேவையில்லை. அதுதான் பெரும்பாலும் சிரிப்புக்குக் காரணம்.

ஷீட்டைப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். கேரக்டர் விவரத்தில் கூந்தல், கண், உடை மட்டும் ஐந்து வரி இருந்து, அவளுக்கு என்ன வேண்டும், எதைக் கண்டால் பயம், யாருக்குக் கடன்பட்டிருக்கிறாள் என்ற மூன்றும் காலியாக இருந்தால் அது கேரக்டர் இல்லை, படம். அந்த மூன்றையும் நிரப்பிவிட்டு வரச் சொல்லுங்கள்.

11. தமிழ்ல விளையாடுறோம். ‘வந்தாள்’னு சொல்றதா, ‘வந்தார்’னு சொல்றதா?

ஆங்கிலத்தில் விளையாடுபவர்களுக்கு இந்தத் தலைவலி இந்த அளவுக்கு இல்லை. தமிழில் வினைமுற்றிலேயே பால் ஒட்டிக்கொண்டு வரும். “காவலாளி வந்தான்” என்று டிஎம் வாயிலிருந்து வந்துவிட்டால் காவலாளி ஆண், முடிந்தது. யோசிக்காமல் பேசினால் காவலாளி, கொல்லர், தளபதி, படகோட்டி எல்லாரும் ‘ஆன்’ விகுதியில் வருவார்கள். சத்திரத்தில் சோறு போடுபவர் மட்டும் ‘ஆள்’.

தீர்வு செஷனுக்கு முன்பே இருக்கிறது. 20 பெயர் எழுதுங்கள், அதில் 10 பெண் பெயர். தனித் தாளில் 20 தொழில். பெயர்ப் பட்டியலை 20 முகப் பகடையால் தேர்ந்தெடுத்துத் தொழிலோடு சேருங்கள். கொல்லர் மரகதம், படகோட்டி செல்லம்மா, சமையல்காரர் வேலன் என்று தானாக அமையும். பிளேயர் கேரக்டர்களுக்கு எல்லாருக்கும் ‘ஆர்’ விகுதியே வைத்துக்கொள்ளலாம். முன்னிலையில் பேசினால் அதுவும் வேண்டாம். “நீ உள்ள போற, இருட்டா இருக்கு” என்பதில் பாலே கிடையாது.

சொற்களிலும் கண்ணி உண்டு. மந்திரம் தெரிந்த ஆண் ‘மந்திரவாதி’, பெண் ‘சூனியக்காரி’. முதலாவது தொழில், இரண்டாவது வசை. இருவரையும் மந்திரவாதி என்றே சொல்லுங்கள். ‘அரசி’ என்றால் உடனே “ராஜா எங்கே?” என்று கேட்பார்கள், “இந்த நாட்டை ஆள்பவர் அரசி இன்னார்” என்று தொடங்கினால் அந்தக் கேள்வி எழாது. இன்னொன்று, மேசையைச் சுற்றி ‘மச்சான்’, ‘டா’ என்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் ‘நீங்க’, ‘சிஸ்டர்’. மரியாதைதான், ஆனால் விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை. எப்படிக் கூப்பிடலாம் என்று அவரையே கேட்டுவிடுவது உத்தமம்.

12. செஷன் ஜீரோ, எக்ஸ்-கார்டு எல்லாம் என்ன? எப்படி நடத்துறது?

செஷன் ஜீரோ என்பது ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. கதை எந்த மாதிரி, எத்தனை வாரம், எத்தனை மணிக்கு முடியும், எதெல்லாம் வேண்டாம். ‘வேண்டாம்’ என்பதில் இரண்டு வகை, ரான் எட்வர்ட்ஸ் பிரித்தது: கோடு, திரை. கோடு என்றால் கதையில் வரவே கூடாது. திரை என்றால் நடக்கலாம், ஆனால் விவரிக்காமல் காட்சியை வெட்டிவிட வேண்டும். கையெழுத்து தெரியாமல் சீட்டில் எழுதி வாங்கி, டிஎம் ஒரே பட்டியலாகப் படித்துக்காட்டுவது நல்லது. யார் எழுதினார்கள் என்று தேடக்கூடாது.

எக்ஸ்-கார்டு ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கியது. ஓர் அட்டையில் எக்ஸ் போட்டு மேசை நடுவில் வைக்க வேண்டும். யாராவது அதைத் தொட்டால், அந்த விஷயம் நீக்கப்பட்டு ஆட்டம் தொடரும். ஏன் என்று கேட்கக் கூடாது. இதுதான் அதன் உயிர். பழுதாகும் இடமும் இதுவே: தொட்டவரிடம் “என்னாச்சு, ஏன்?” என்று நான்கு பேர் கரிசனமாகக் கேட்டால், அதற்குப் பிறகு அந்த அட்டையை யாரும் தொட மாட்டார்கள். முதல் செஷனில் டிஎம்மே சின்ன விஷயத்துக்கு ஒருமுறை தொட்டுக் காட்டினால் கூச்சம் போகும்.

13. அந்தக் காலத்துல பெண்களை அடக்கித்தானே வச்சிருந்தாங்க? கதையில காட்டினா தப்பா?

காட்டலாம். ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ‘நைட் விட்சஸ்’ முழுக்க முழுக்க அதைப் பற்றிய ஆட்டம். இரண்டாம் உலகப் போரில் போ-2 என்ற ஒட்டுப்பலகை விமானத்தில் இரவில் குண்டு வீசிய சோவியத்தின் 588-ஆவது பெண்கள் படைப்பிரிவுதான் களம். அதிகாரிகளின் ஏளனம், சந்தேகம் எல்லாம் வரும்.

அங்கே அது ஏன் எடுபடுகிறதென்றால், மேசையில் உள்ள எல்லாரின் கேரக்டரும் அந்தப் படைப்பிரிவுப் பெண்கள். சுமை எல்லார் தோளிலும். சாதாரண கேம்பெயினில் நடப்பது வேறு: ஐந்து பேரில் ஒருத்தியின் கேரக்டரை மட்டும் ஒவ்வொரு ஊர்க் காவலாளியும் “ஏம்மா, உனக்கு எதுக்கு வாள்?” என்று கேட்பான். மற்ற நான்கு பேரும் கதையை நகர்த்துகிறார்கள். அவர் நுழைவுச்சீட்டு காட்டிக்கொண்டிருக்கிறார். அடக்குமுறையைக் காட்ட வேண்டுமென்றால் செஷன் ஜீரோவில் எல்லாரிடமும் கேட்டு, எல்லார் கேரக்டரையும் அது தொடும்படி அமையுங்கள்.

14. ஒருத்தர் என் கேரக்டரையே சுத்திச் சுத்தி வர்றார். கேட்டா ‘என் கேரக்டர் அப்படித்தான்’ங்கிறார்.

அந்தக் கேரக்டரை உருவாக்கியவர் அவர்தானே. இது டிஎம் கையிலெடுக்க வேண்டிய விஷயம், உங்கள் தலையில் விடக் கூடாது. இன்னொரு பிளேயரின் கேரக்டரை மயக்க, சம்மதிக்க வைக்கப் பகடை உருட்டக் கூடாது என்பது மேசை விதி. அந்தக் கேரக்டர் என்ன நினைக்கும் என்பதை அதன் சொந்தக்காரர் மட்டுமே சொல்வார்.

டிஎம் ஆட்டத்தை நிறுத்தி, கேரக்டர் பெயரில் இல்லாமல் ஆளின் பெயரைச் சொல்லி, “இது வேண்டாம், அடுத்ததுக்குப் போவோம்” என்று ஒரு வரியில் முடிக்க வேண்டும். செஷன் முடிந்ததும் தனியாகப் பேசலாம். மறுமுறை நடந்தால் அவருக்கு அந்த மேசையில் இடமில்லை. செய்யக் கூடாதது: அவர் கேரக்டர் தலையில் இடியை இறக்கிக் கதைக்குள்ளேயே தண்டிப்பது. அவர் அதைப் போட்டியாக எடுத்துக்கொள்வார், அடுத்த கேரக்டரோடு வருவார்.

15. என் வீட்டுக்காரர்தான் டிஎம். நான் என்ன ஜெயிச்சாலும் ‘சலுகை’ங்கிறாங்க.

பகடையை எல்லாரும் பார்க்கும்படி நடுமேசையில் உருட்டுங்கள், டிஎம்மும் திரைக்குப் பின்னால் உருட்டாமல் வெளியே உருட்டட்டும். மாயப் பொருட்களை யார் எடுப்பது என்பதை டிஎம் சொல்லாமல் குழு முடிவு செய்யட்டும். உங்கள் கேரக்டர் சம்பந்தப்பட்ட ரூல் தகராறு வந்தால் புத்தகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். எதிர்த்திசையில் ஒன்று அதிகம் நடக்கும்: சலுகை என்ற பேச்சுக்குப் பயந்து டிஎம் தன் மனைவிக்குக் காட்சியே கொடுக்காமல் விட்டுவிடுவார். 9-ஆம் பதிலில் சொன்ன கோடு போடும் தாள் இதையும் காட்டிக்கொடுக்கும்.

16. எங்க குரூப்ல பொண்ணுங்களே வர்றதில்லை. கூப்பிட்டா ஒரு தடவை வந்துட்டு நின்னுடறாங்க.

முதலில் இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். யாரோ ஒருவரின் மாடி அறையில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி “முடியும்போது முடியும்” என்றால் ஆர்வம் இருந்தும் வர முடியாது. முடியும் நேரத்தைச் சொல்லி, சொன்னபடி முடிக்க வேண்டும். கடைசி பஸ் போன பிறகு வரும் டிராகனால் யாருக்கு என்ன லாபம்? ஞாயிறு மாலை மூன்றிலிருந்து ஆறரை, பலர் வந்துபோகும் இடம், கழிவறை வசதி. இவ்வளவு சாதாரண விஷயம்தான்.

இரண்டாவது, ஒருவரை மட்டும் கூப்பிடாதீர்கள். ஐந்து ஆண்களுக்கு நடுவே தனியாக உட்காருபவர் என்ன செய்தாலும் அது ‘பெண்கள் இப்படித்தான்’ ஆகிவிடும். இரண்டு பேர் என்றாலே ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கோடரிக்காரி, அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் இருக்கும் கேம்பெயினில் சேர்க்காமல், ஒரே செஷனில் முடியும் ஒன்-ஷாட் வைத்து, எல்லாரும் முதல் லெவலில் புதிதாகத் தொடங்குங்கள். பழைய கதையின் உள்குத்து ஜோக்குகள் புதியவரை வெளியே நிறுத்தும்.

பெண்கள் மட்டும் விளையாடும் மேசை வைப்பது பிரிவினை ஆகாதா என்றும் இதோடு கேட்பார்கள். ஆகாது. கற்றுக்கொள்ளவும் டிஎம் செய்து பழகவும் அது நல்ல இடம். அங்கிருந்து கலப்பு மேசைக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம்.

17. நான் டிஎம் ஆகணும். ஆனா என் தீர்ப்பை யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க, உடனே புக்கைத் தூக்குறாங்க.

செஷன் ஜீரோவிலேயே ஒரு விதி: ஆட்டத்துக்கு நடுவில் ரூல் சந்தேகத்துக்கு ஒரு நிமிடம். அதற்குள் பக்கம் கிடைக்காவிட்டால் டிஎம் சொன்னதுதான். சந்தேகத்தை ஒரு தாளில் எழுதி வைத்து, செஷன் முடிந்து எல்லாரும் சேர்ந்து தேடலாம். நீங்கள் சொன்னது தவறு என்று தெரிந்தால் “அடுத்த வாரத்திலிருந்து இப்படி” என்று சொல்லிவிட்டுப் போங்கள். நடந்ததைத் திருப்பி விளையாட வேண்டாம்.

முதல்முறை டிஎம் செய்பவர்கள் தவறுவது ரூலில் இல்லை, தயாரிப்பு அளவில். நாற்பது பக்கம் எழுதுவார்கள், பிளேயர்கள் நான்காம் பக்கத்திலேயே வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். மூன்று மணி நேரத்துக்கு மூன்று இடம், நான்கு ஆட்கள், இரண்டு சண்டை போதும். ஆட்களுக்குப் பெயர், வேண்டியது என்ன, என்ன பொய் சொல்வார் என்று தலா மூன்று வரி. புத்தகத்தைத் தூக்குகிறவர் ரூல் நன்றாகத் தெரிந்தவராகவே இருப்பார். இனிஷியேட்டிவ் வரிசை எழுதுவது, மந்திரத்தின் விளக்கத்தைத் தேடிப் படிப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கையில் வேலை இருந்தால் வாய்க்கு ஓய்வு.